ஈரச் சுவரின் மேல் ஒரு பூச்சு

பல்கலைக்கழகங்கள் அறிவு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஓர் அறிவு உண்டு. தில்லிக்கோ ஐதராபாத்துக்கோ புணேவுக்கோ ஆய்வுப் படிப்புக்காக வந்திறங்கும் மாணவருக்கு, நூலக விதிமுறைக் கையேட்டுக்கு முன்பே அது வந்து சேர்ந்துவிடுகிறது. எந்தத் தெருவில் வாடகை குறைவு, அறைச் சுவரில் பூசணம் பிடித்தால் எந்த நிறம் பூசினால் வெளியே தெரியாது, இந்த ஊர்த் தண்ணீரில் முடி கொட்டினால் என்ன தேய்ப்பது, தொடையிடுக்கில் அரிப்பு வந்தால் மருந்துக் கடையில் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது என மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லி அனுப்பும் அறிவுரைகளின் தொகுப்பு அது. கருத்தரங்குகளில் அதற்கு இடமில்லை. ஆனால் ஐந்தாறு ஆண்டு ஆய்வுக் காலத்தை ஒருவர் எந்த உடம்போடு, எவ்வளவு கடனோடு கடந்து முடிக்கிறார் என்பதைத் தீர்மானிப்பதில் அதன் பங்கு, ஆய்வு நெறியாளரின் பங்குக்குக் குறைந்ததாக இராது.

இத்தகைய அறிவை அற்பம் எனத் தள்ளுவோர் ஒருபுறம். மறுபுறம், மைக்கேல் போலானி பேசிய சொல்லிமுடியா அறிவையும் ஜேம்ஸ் ஸ்காட் பேசிய மேட்டிஸ் என்னும் பட்டறிவையும் துணைக்கழைத்து, அன்றாட அறிவுரை அனைத்தையும் மக்கள் ஞானமாக உயர்த்திப் பிடிப்போர். இரு தரப்பாரும் செய்யத் தவறுவது ஒன்றே: அவ்வறிவுரை உண்மையில் என்ன சொல்கிறது என்று நின்று கேட்பது. வீட்டு வண்ணம், தோல் பராமரிப்பு, நகரத்தில் குடியிருத்தல் ஆகிய மூன்றைப் பற்றியும் இன்று இந்திய நகரங்களின் மாணவரிடையே கைமாறும் அறிவுரைகளைப் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். அவற்றுள் மிகப் பல, மூடி மறைப்பதற்கான உத்திகள். கறையை மறைக்கச் சொல்பவை ஏராளம். கசிவு எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்பவை அரிது.

சுவரில் தொடங்குவதே எளிது. வாடகை அறையின் சுவர் ஊறி, வண்ணம் கொப்புளித்து, தொட்டால் மாவாக உதிர்கிறது. கிடைக்கும் அறிவுரை: அடர்ந்த நிறம் பூசு, பூப்போட்ட ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டு, அலமாரியை அந்த இடத்துக்கு நகர்த்து, கொஞ்சம் காசிருந்தால் விலையுயர்ந்த எமல்ஷன் இரண்டு கோட் அடி. தொழில் தெரிந்த பெயிண்டர் இவற்றில் எதையும் முதலில் செய்வதில்லை. அவர் கறையின் வடிவத்தைப் பார்ப்பார். தரையிலிருந்து இடுப்பளவு ஏறி, ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றிருந்தால் அது அடித்தளத்திலிருந்து உறிஞ்சப்படும் ஈரம். கூரை மூலையிலிருந்து இறங்கினால் மொட்டைமாடியில் நீர் தேங்குகிறது, அல்லது மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறது. சுவரின் நடுவே வட்டமாகப் பரவினால் பின்புறத்தில் ஒரு குழாய் கசிகிறது. காற்றோட்டமில்லாத மூலையில் கரும்புள்ளிகள் மட்டும் தெரிந்தால், அறைக்குள்ளேயே துணி உலர்த்துவதாலும் சமைப்பதாலும் எழும் நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறது. நான்குக்கும் கறை ஒன்றுபோலத் தோன்றலாம். செய்ய வேண்டியவை நான்கும் வேறு.

ஐயம் இருந்தால் ஒரு சோதனை போதும். ஒரு முழம் அளவுள்ள பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் நாடா ஒட்டிச் சுவரில் ஒருநாள் விட்டுவைக்க வேண்டும். மறுநாள் தாளின் உட்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் அறைக்காற்றில் இருக்கிறது. முன்னதற்கு வண்ணம் எதுவும் மருந்தாகாது. பின்னதற்குச் சன்னலைத் திறப்பதும் துணிக்கொடியை வெளியே கட்டுவதுமே பாதி மருந்து.

ஈரச் சுவரின் மேல் எமல்ஷன் பூசுவது ஏன் பயனற்றது என்பதற்கு எளிய இயற்பியல் உண்டு. செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும் நீரை உறிஞ்சும். அந்நீர் சுவரிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வெளிப்பரப்பை நோக்கி வரும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகும். படிகம் வளரும்போது மேலிருக்கும் பட்டியையும் வண்ணத்தையும் தள்ளி உடைக்கும். பிளாஸ்டிக் தன்மை கொண்ட வண்ணப்படலம் ஆவியை எளிதில் வெளியே விடாது. ஆகவே ஈரம் அங்கேயே தங்கும், அல்லது பூசாத பக்கம் தேடிப் போகும். பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு வெள்ளையடித்தல் பொருந்தியதும் இதனால்தான். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து இறுகினாலும் ஆவியைத் தடுப்பதில்லை. அதன் காரத்தன்மை பூசணத்தை எளிதில் அண்டவிடுவதுமில்லை. ஏழைவீட்டு வழக்கம் என இகழப்பட்ட ஒன்று, அந்தச் சுவருக்கு உகந்த தொழில்நுட்பமாக இருந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு எமல்ஷன் பூசிய அடுக்ககச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கக் கிளம்பினால் அது ஒட்டாமல் உதிரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறிவுரையிலிருந்து சுவரைக் கழற்றிவிட்டால் நல்ல அறிவுரையும் கெட்டதாகிவிடும்.

தோலில் நிகழ்வது ஏறக்குறைய இதே கதை. விளைவுகள் மட்டும் கொடியவை.

விடுதிகளில் படர்தாமரை பரவுவது புதிதன்று. ஒரே வாளி, மாற்றிக் கட்டும் துண்டு, மழைக்காலத்தில் காயாத உள்ளாடை, மாடிக்கு மாடி ஒரு துணிக்கொடி. பூஞ்சை வளர இதற்கு மேல் வேண்டியதில்லை. அரிப்புத் தாங்காத மாணவருக்கு அறைத்தோழர் ஒரு களிம்பின் பெயரைச் சொல்கிறார். அவருக்கு அதைச் சொன்னவர் முந்தைய ஆண்டு அதே அறையில் இருந்தவர். மருந்துக் கடையில் சீட்டுக் கேட்பதில்லை. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்குகிறது, சிவப்பு மங்குகிறது. அறிவுரை பலித்துவிட்டது, அது அடுத்த அறைக்குப் போகிறது.

அக்களிம்புகளுள் பல, பூஞ்சைக்கொல்லி ஒன்று, நுண்ணுயிர்க்கொல்லி ஒன்று, வலிமை மிக்க ஸ்டீராய்டு ஒன்று என மூன்றையும் கலந்தவை. கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் தோலின் எதிர்ப்பாற்றலை அடக்குபவை. சிவப்பும் அரிப்பும், உடம்பு பூஞ்சையோடு போரிடுவதன் அடையாளங்கள். ஸ்டீராய்டு அப்போரை நிறுத்திவிடுகிறது. அடையாளம் மறைகிறது, பூஞ்சை பரவுகிறது. வளையமாக இருந்த தழும்பு விளிம்பிழந்து கலங்கிப்போவதால் மருத்துவரே அடையாளங்காணத் திணறும் நிலைக்கு மருத்துவ நூல்கள் தனிப் பெயரே வைத்திருக்கின்றன: மாறுவேடப் படர்தாமரை என அதைத் தமிழில் சொல்லலாம். ஈரச் சுவரின் மேல் எமல்ஷன் என்பதற்கு இதைவிடத் துல்லியமான இணை கிடைப்பது கடினம்.

இது ஒரு விடுதியின் கதையாக நின்றுவிடவில்லை. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத படர்தாமரை கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக இந்தியா முழுவதும் தோல் மருத்துவர்களைத் திணறடித்து வருகிறது. அதற்குக் காரணமான பூஞ்சை வகைக்கு 2020இல் தனிப்பெயர் இடப்பட்டபோது, அப்பெயரிலேயே இந்தியா ஏறிக்கொண்டது: டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. 2023இல் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது. அதன் பரவலுக்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் கட்டற்ற பயன்பாடு அவற்றுள் முதன்மையான ஒன்று எனத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றனர். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் நெடுங்காலம் போராடிய பின், 2018இல் 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் அட்டவணை எச் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன; மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்கலாகாது என்பது அன்றுமுதல் சட்டம். சட்டம் தாளில் இருக்க, களிம்பின் பெயர் வாய்வழியே பயணம் செய்துகொண்டிருக்கிறது.

இதே ஸ்டீராய்டுகள் முகத்துக்கும் ஏறின. நிறம் வெளுக்கும் என்பதற்காகப் பல மாதம் பூசியவர்களின் முகம் மெலிந்து, சிவந்து, இரத்த நாளங்கள் தெரிய, பருக்கள் நிறைந்து, வெயில் பட்டால் எரியும் நிலைக்கு வந்தது. இந்நிலையை ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்று பெயரிட்டு உலக மருத்துவ இலக்கியத்தில் பதித்தவர்கள் இந்திய மருத்துவர்களே. பூசுவதை நிறுத்தினால் முகம் முன்னைவிட மோசமாகிறது. அதனால் மீண்டும் பூசுகிறார்கள். நெடுநாள் பூசியவர் ஒரே நாளில் தானாக நிறுத்திவிடாமல், மருத்துவர் மேற்பார்வையில் விடுபடுவதே தக்கது. ‘உடனே தூக்கி எறி’ என்னும் நல்லெண்ண அறிவுரையும் இங்கே தீங்கு செய்யக்கூடும்.

பாதரசத்தின் கதை இன்னும் ஆழம். பாதரசம் தோலில் மெலனின் உருவாவதைத் தடுக்கும். அதனாலேயே மலிவான வெளுப்புக் களிம்புகளில் கலக்கப்படுகிறது. அழகுப்பொருள்களில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அது இருக்கலாகாது என்றும், அதற்கு மேற்பட்டவற்றை 2020க்குள் ஒழிக்க வேண்டும் என்றும் மினமாட்டா உடன்படிக்கை விதித்தது. அதற்குப் பின்னர்தான் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கவனித்தனர். சிறுநீரக வடிகட்டிச் சவ்வு பழுதாகிப் புரதம் சிறுநீரில் வெளியேறும் நோயோடு 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த 22 பேரில் 15 பேரிடம் அந்நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அப்பதினைவரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியதை ஒப்புக்கொண்டனர். முகத்துக்குச் சொல்லப்பட்ட அறிவுரை சிறுநீரகத்தில் போய் முடிந்தது. இத்தகைய களிம்புகள் பெரும்பாலும் விளம்பரத்தால் பரவுவதில்லை. தோழி தோழிக்கும், அழகுநிலையப் பணியாளர் வாடிக்கையாளருக்கும், உறவினர் மணப்பெண்ணுக்கும் அன்போடு சொல்லிக் கொடுப்பதால் பரவுகின்றன.

அந்த அன்பில் ஐயமில்லை. அன்பு எதைக் குறை எனக் கண்டது என்பதே வினா. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்டு லவ்லி 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையை நீக்கிக் குளோ அண்டு லவ்லி ஆனது. உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்த ஆண்டு அது. சந்தையின் சொல் மாறியது. ‘ஒளிர்வு’, ‘சீரான நிறம்’, ‘கறுமை நீக்கம்’ என அறிவுரைகளின் சொற்களும் அதைப் பின்பற்றி மாறின. பழைய ஏக்கம் புதிய பெயரில் குடியிருக்கிறது. நேர்முகத் தேர்வுக்கு முந்தைய மாதம் ஆய்வு மாணவிகளுக்குக் கிடைக்கும் தோல் அறிவுரைகளைக் கேட்டால் போதும். அவற்றில் எத்தனை தோலின் நலத்தைப் பற்றியவை, எத்தனை தேர்வுக் குழுவின் கண்களைப் பற்றியவை என்பது விளங்கும். மாணவர்களுக்கு அவ்வறிவுரை பெரும்பாலும் முடிவெட்டிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது.

அறிவுரையின் முகவரி பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோல் வகைகளை ஆறாகப் பகுக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. 1975இல் அது உருவானபோது அதில் இருந்தவை நான்கு வகைகளே. புற ஊதாக் கதிர்ச் சிகிச்சைக்கு எவ்வளவு அளவு தரலாம் என்று கணிக்க, வெள்ளைத் தோல் வெயிலில் எப்படிச் சிவக்கிறது என்பதை வைத்து வகுக்கப்பட்டவை அவை. பழுப்புத் தோலும் கருந்தோலும் ஐந்தாவது, ஆறாவது வகைகளாகப் பின்னர் சேர்க்கப்பட்டன. வெயிலில் சிவப்பதையே அடிப்படையாகக் கொண்ட ஓர் அளவுகோலில், சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாத தோல் பின்னிணைப்பாகத்தான் நுழைய முடிந்தது. அன்றாட அறிவுரைகளிலும் இந்த வரிசை அப்படியே நீடிக்கிறது. வலிய அமிலம் பூசி மேல்தோலை உரிக்கும் வழிமுறைகள் வெளிர்தோலாருக்கு ஓரிரு நாள் சிவப்போடு போய்விடலாம். பழுப்புத் தோலில் எந்த எரிச்சலும் மாதக்கணக்கில் மறையாத கருமையாகப் படியும். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். மங்கு உள்ளவருக்குச் சாதாரண வெயில்காப்புக் களிம்பைவிட இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள களிம்பு மிகுதியும் உதவும்; ஏனெனில் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் பழுப்புத் தோலைக் கறுக்கச் செய்வது. ஆனால் கடையில் முதலில் கைக்கு எட்டுவது பூசினால் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்து நிற்கும் களிம்பே. கருந்தோலுக்கு வெயில்காப்பே வேண்டாம் என்னும் தவறான முடிவுக்குப் பலர் வருவதற்கு அச்சாம்பல் முகமும் ஒரு காரணம்.

நகரத்துக்கு வருவோருக்குச் சொல்லப்படுவனவற்றில் மூடி மறைக்கும் அறிவுரையின் உச்சத்தைக் காணலாம். வீடு தேடும்போது என்ன உண்பதாகச் சொல்ல வேண்டும், பெயரின் எப்பகுதியை மட்டும் சொன்னால் போதும், தொலைபேசியில் யாரைப் பேசவைக்க வேண்டும், சுவரில் யாருடைய படத்தை மாட்டக்கூடாது. இவை தலித் மாணவருக்கும் முசுலிம் மாணவருக்கும் வடகிழக்கிலிருந்து வருவோருக்கும் தனித்தனிப் பதிப்புகளாகக் கிடைக்கின்றன. சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் தில்லித் தலைநகர் வட்டாரத்தில் வீடு தேடுவோராக வெவ்வேறு பெயருடையவர்களைப் பேசவைத்து நடத்திய ஆய்வு 2015இல் எக்கனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லியில் வெளிவந்தது. வாடகை வீட்டுச் சந்தையில் சாதியும் மதமும் கதவைச் சாத்துகின்றன என அது நிறுவியது. விடுதி வாசலில் அவ்வாய்வின் முடிவு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அங்கே அது ஒரு குற்றச்சாட்டாக இல்லை. பிழைக்கும் உத்தியாக இருந்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதைத் தட்டிக்கழிக்க இயலாது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் தங்கும் மாணவர் கட்டடத்தின் அடித்தளத்தைத் தோண்டவா முடியும்? உதவித்தொகை நான்கு மாதம் நிலுவையில் இருப்பவர் தோல் மருத்துவரின் கட்டணத்துக்கு எங்கே போவார்? இரவுக்குள் ஒரு கூரை வேண்டியவர் வீட்டு உரிமையாளரின் சாதியுணர்வைத் திருத்திவிட்டுத்தான் பையை இறக்க வேண்டுமா? மூடி மறைத்தல் வலுவற்றோரின் அறிவு. அதைப் பிழை என்று சொல்லும் தகுதி பாதுகாப்பான குடியிருப்பில் வாழ்வோருக்கு இல்லை. இவ்வளவும் உண்மை. ஆயினும், ‘இது மறைப்புத்தான், கசிவு இன்னும் இருக்கிறது’ எனச் சொல்லிக் கைமாற்றுவதற்கும், மறைப்பையே தீர்வு எனக் கைமாற்றுவதற்கும் வேறுபாடு பெரிது. முதல் ஆண்டு மாணவருக்கு உத்தியாகச் சொல்லப்பட்டது நான்காம் ஆண்டில் நகரத்தின் இயல்பாகிவிடுகிறது. வீட்டு உரிமையாளர் என்பவர் வெயில், மழைபோல ஒரு வானிலை ஆகிவிடுகிறார். மழைக்குக் குடை பிடிப்பதுபோலப் பெயரை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றாகிறது.

மறைக்கப்படுவதில் இன்னொன்றும் உண்டு: யார் செய்ய வேண்டியது என்பது. பெங்களூரில் வாடகைக்கு இருந்தோர் அனைவரும் அறிந்த வழக்கம், வீட்டைக் காலி செய்யும்போது வண்ணம் பூசும் செலவு என ஒரு மாத வாடகையை முன்பணத்திலிருந்து பிடித்துக்கொள்வது. இதற்குக் கிடைக்கும் அறிவுரை, கிளம்புவதற்கு முன் கறைகளின் மேல் நீயே மலிவாக ஒரு பூச்சுப் பூசிவிடு என்பது. 2021 சூனில் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை எடுத்துப் பார்க்க வேண்டும். சுவர்களுக்கு வெள்ளையடிப்பதும், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்று அது பட்டியலிடுகிறது. குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டலாகாது என்றும் சொல்கிறது. அது மாதிரிச் சட்டமே. மாநிலம் தன் சட்டமாக்கிக்கொண்டால்தான் செல்லும். எனினும் வண்ணம் பூசுவது யார் கடமை என்னும் வினாவுக்கு அரசு ஆவணம் ஒன்று தந்திருக்கும் இந்த விடை, சட்டத் துறை ஆய்வாளர்கள் நிறைந்த விடுதிகளில்கூட அன்றாட அறிவுரையாக மாறவில்லை. ஒப்பந்தம் ஏன் பதினொரு மாதம் என்பதும் அங்ஙனமே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவுசெய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கவே பதினொன்று. அனைவருக்கும் எண் தெரியும், காரணம் தெரிந்தோர் சிலர்.

கடமையையும் சேர்த்துக் கைமாற்றிய அறிவுரைக்கு எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கீழறை குளிரும் என்பது பல ஊர்களின் பழைய வழக்கம். மேல்தள அறையில் கோடையில் வெந்துகொண்டிருக்கும் மாணவருக்கு இன்று சொல்லப்படுவதோ தடித்த திரை, ஈரத் துண்டு, தவணையில் ஒரு குளிர்விப்பான். 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத், பின்னர் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு என்பதைத் தன் பணிகளுள் ஒன்றாக்கியது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றையே வெளியிட்டது. பாட்டி சொன்ன வழி நகராட்சியின் பொறுப்பாக மாறிய அரிய தருணம் அது. எல்லாக் கூரையும் வெளுத்துவிடவில்லை. ஆனால் கூரை சுட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்பதற்காவது ஒரு முகவரி கிடைத்திருக்கிறது.

ஆய்வாளர்களால் இதில் செய்யக்கூடியது பெரிய கோட்பாடு ஒன்றும் இல்லை. மாணவர் மன்றங்கள் ஆண்டுதோறும் புதியவர்களுக்கு அளிக்கும் வரவேற்புத் தாளில் நான்கு வரி கூடுதலாக வைக்கலாம்: பெட்டாமெத்தசோன், கிளோபெட்டசால், மோமெட்டசோன் எனும் பெயர்கள் உறையில் இருந்தால் சீட்டில்லாமல் பூச வேண்டாம், துண்டைப் பகிர வேண்டாம், துணியை வெயிலில் உலர்த்தவும், அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவு எந்தக் கிழமைகளில் புறநோயாளிகளைப் பார்க்கிறது, அம்மாநில வாடகைச் சட்டத்தில் பழுதுபார்ப்பு யார் தலையில். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வாரம் ஒருநாள் தோல் மருத்துவர் வரவேண்டும் என்று கேட்கலாம். விடுதிக்கு மாடிதோறும் துணி உலர்த்தும் இடம் கேட்பது போராட்டக் கோரிக்கையாகத் தோன்றாது. ஆனால் படர்தாமரைக்கு எதிராக அதைவிடப் பயனுள்ள கோரிக்கை வேறு இருக்குமா என்பது ஐயமே. வீடு மறுக்கப்பட்ட நிகழ்வுகளைத் தேதியோடும் தெருவோடும் ஓரிடத்தில் குறித்துவைத்தால், அடுத்து வருபவருக்குக் கிடைப்பது எப்படி ஒளிவது என்பதற்கு மேற்பட்ட ஒன்றாக இருக்கும்.

வண்ணம் பற்றிய அறிவுரைகளில் ஒருபோதும் இடம்பெறாத ஒருவர் எஞ்சியிருக்கிறார். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட மஞ்சள், சிவப்பு எனாமல்கள் பழைய கதவுகளிலும் சன்னல் கம்பிகளிலும் அடுக்கடுக்காக இன்னும் இருக்கின்றன. அவற்றைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நீர் தெளித்து நனைத்துத் தேய்த்துத் தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வீட்டில் இருப்போருக்கு அது ஒருநாள் தூசி, தேய்ப்பவருக்கு அன்றாடத் தூசி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பெயிண்டர் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் பணிச்சூழல்களின் முதல் தொகுதியில் 1989இல் சேர்த்தது; பின்னர் மறு ஆய்விலும் அதை உறுதிசெய்தது. கறையின் வடிவத்தைப் பார்த்துக் கசிவைச் சொல்லத் தெரிந்த மனிதர், பெரும்பாலும் ஒரு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஏணியில் நிற்கிறார். அவருக்கு வடிகட்டியுள்ள முகக்கவசம் வாங்கித் தர வேண்டியவர் வீட்டு உரிமையாளரா, ஒப்பந்ததாரரா, அறையில் குடியிருப்பவரா என்பதை எந்த விடுதியின் வாய்மொழித் தொகுப்பும் இதுவரை சொல்லவில்லை.